அக்காவின் மூச்சு

டீக்கடையில் ஒரு தம்ளர் பால் வாங்கி, மேலே முந்தானையைப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்து வருகிற முனிரத்தினம், தன் குடிசை வாசலில் மட்டும் நின்றுவிடுவாள். உள்ளேயிருந்து ஓர் இருமல் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் குனிந்து நுழைவாள். கேட்காவிட்டால், "யக்கா... யக்கோவ்" என்று இரண்டு முறை கூப்பிடுவாள். அந்த இரண்டுக்கும் நடுவில் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தவர்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

உள்ளே படுத்திருப்பவள் கங்கம்மாள். முனிரத்தினத்தின் அக்கா அல்ல. அவளுடைய புருஷனின் மூத்த மனைவி.

பிள்ளைப்பாக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். டீக்கடைக் கோபால் பால் ஊற்றும்போதெல்லாம் கேட்பான்: "இன்னாம்மே, பேங்க் தொறந்துகீதா?"

"மூச்சு வுட்டுகினுகீது. நீ தண்ணி கலக்காம ஊத்து."

"சக்களத்திக்கு இப்பிடிச் செய்றவள நான் பாத்ததே இல்ல. என் பொண்டாட்டி எனக்கே சுடுதண்ணி வெக்க மாட்டா."

"நீயும் பென்ஷன் வாங்கு. வெப்பா."

கடையில் சிரிப்பார்கள். முனிரத்தினமும் சிரிப்பாள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சு இல்லை. கங்கம்மாள் பெயருக்கு மாதாமாதம் மணியார்டரில் வருகிற விதவைப் பென்ஷன்தான் அந்த வீட்டுக்கு அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம். கங்கம்மாள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் எதிரிகளாக இருந்தவர்கள் இவர்கள். கங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்று பரசுராமன் முனிரத்தினத்தைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. குடிசைக்கு நடுவே கோணிப்பையைக் கிழித்துத் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. இவள் குழம்பு கொதித்தால் அவள் காறித் துப்புவாள். "அந்தக் கோணிக்கு மட்டும் வாய் இருந்திச்சின்னா, ஊரே காதப் பொத்திக்கும்" என்கிறாள் முனிரத்தினம்.

மூன்று வருஷத்துக்கு முன், பெங்களூர் ரோட்டில் சைக்கிளில் வந்த பரசுராமனை ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போயிற்று. ஒரே நாளில், ஒரே ஏரிக்கரையில், பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு பேருக்கும் தாலியை இறக்கினார்கள்.

பென்ஷனுக்கு விசாரிக்க ஆள் வந்தபோது யாரோ காதில் ஓதினார்கள், இரண்டு பெண்டாட்டி என்று தெரிந்தால் இரண்டு பேருக்குமே கிடைக்காது என்று. முனிரத்தினம் அன்றைக்குத் தெம்பாக இருந்தாள். நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போகிற உடம்பு. அக்காவால் அது முடியாது. அதனால் வந்தவர் முன்னால் அவளே சொன்னாள்: "அதுதாங்க பொண்டாட்டி. நான் அதுக்குத் தங்கச்சி. எனக்குக் கண்ணாலம் ஆவல."

எழுதிக்கொண்டார்கள். அதன் அடியில் கட்டைவிரலை உருட்டினாள். காலையில் விதவையாக எழுந்தவள் பொழுது சாய்வதற்குள் கன்னிப்பெண் ஆகிவிட்டாள். அன்று சாயங்காலம் அந்தக் கோணியைக் கங்கம்மாளே அவிழ்த்து எடுத்தாளாம்.

அப்போது கூலி வேலை இருந்தது. பிறகு ஒவ்வொரு வயலாகக் கம்பெனிக்காரர்கள் பெயருக்கு மாறி, சுற்றிலும் முள்கம்பி ஏறிவிட்டது. அவள் நாற்று நட்ட இடத்தில் இன்றைக்கு வாட்ச்மேன் நிற்கிறான். நாற்பத்தாறு வயதுக்காரியை அவன் கேட்டுக்குள்ளே விடுவதில்லை. முதியோர் பென்ஷன் வாங்க வயது போதவில்லை. விதவைப் பென்ஷன் வாங்க, எழுத்துப்படி அவளுக்குப் புருஷனே இல்லை. இந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் செத்ததைக் கேட்டு நாடே கலங்கி நின்றபோது, பஸ் ஓடாமல் தபால் பை வரவில்லையே என்றுதான் முனிரத்தினம் கலங்கினாள். அவளைக் கல்நெஞ்சக்காரி என்று யார் சொல்வது?

ஐப்பசியில் கங்கம்மாளுக்குக் கால் வீங்கியது. பிறகு வயிறு. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வருகிற பென்ஷனில் பாதி இப்போது பாலாகவும் பன்னாகவும் கங்கம்மாளின் வாய்க்கே போகிறது. பன்னின் மெத்தென்ற உள்பாகத்தைப் பாலில் நனைத்து அவளுக்கு ஊட்டிவிட்டு, கருகிய அடியை முனிரத்தினம் தின்கிறாள்.

நான் அவர்களைப் பார்க்கப் போயிருந்த அன்று தபால்காரர் அப்பாவு வந்தார். கங்கம்மாளின் கையை முனிரத்தினம் தூக்கிப் பிடிக்க, கட்டைவிரலை மையில் தொட்டு ஒற்றிக்கொண்டார். பணத்தைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"நாக்கெல்லாம் வெளுத்துப் போய்க்கீதும்மா. உன் பேருக்கு ஒரு மனு போட்டு வெக்கக் கூடாதா?"

"இன்னான்னு போடறது, போஸ்ட்மேன்ணா? யாரு பொண்டாட்டின்னு?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

முனிரத்தினம் கஞ்சியை ஆற்றி எடுத்து வந்தாள். கங்கம்மாள் பல்லை இறுக்கிக்கொண்டாள். இரண்டு நாளாக அப்படித்தானாம். கரண்டி பல்லில் பட்டுப் பட்டுத் திரும்பியது.

"துன்னுக்கா."

"வாணாண்டி. வலி தாங்கல. என்ன வுட்டுடு. நான் அவருகிட்ட போறேன்."

"போ. போயி இன்னா சொல்லுவ? அவள எங்கடி வுட்டுட்டு வந்தன்னு கேப்பாரே."

கங்கம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. முனிரத்தினம் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கேட்கவே கூசுகிற குரலில் சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போ, யக்கா. எனக்கோசரம்."

வலியில் சுருங்கிய அந்த முகம் வெகு நேரம் சுவரைப் பார்த்தே கிடந்தது. பிறகு மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. கங்கம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தாள்.