கடைசிப் பத்து நிமிஷம்

அக்காவின் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். எந்தப் படத்துக்குப் போனாலும் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுந்துவிடுவார். மைசூரில் பாதிப் பேர் அப்படித்தான், பார்க்கிங்கில் வண்டி சிக்கிக்கொள்ளும் என்ற பயம். இவருக்குக் கூடுதலாக ஒரு திமிரும் உண்டு. முடிவு தமக்கு முன்பே தெரிந்துவிடுமாம்.

அப்போது அக்காவுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சர்டிஃபிகேட்டோடு போக வேண்டும். அது பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவியைக் காணோம்.

"சாவி வெச்ச எடம் தெரியாதவ வேலைக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போறா? உன்ற அக்காளுக்கு மண்டை கொழம்பிப் போச்சு" என்று என்னிடமே சொன்னார் மாமா. அதற்கு முன் கண்ணாடி, மாத்திரை, போன் என்று ஒவ்வொன்றாகக் காணாமல் போய், சம்பந்தமில்லாத இடத்தில் கிடைத்துக்கொண்டிருந்தன. "எனக்கு என்னமோ ஆயிருச்சுடி" என்று அக்கா அழுதாள். எனக்கு அந்த ஆள்மேல்தான் சந்தேகம்.

நான் ஏற்கெனவே பார்த்திருந்த ஒரு பேய்ப்படத்துக்கு ஞாயிறு மேட்னிக்கு இருவரையும் கூட்டிப்போனேன். பொருள்கள் இடம் மாறும் வீடு, நடுங்கும் மனைவி. "பேயுமில்ல ஒண்ணுமில்ல, அவ பைத்தியம்" என்று இடைவேளையில் பாப்கார்னை மென்றபடி தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னபடியே படத்தில் அந்த மனைவியை ஆஸ்பத்திரியில் அடைத்துக் கதவைச் சாத்தினார்கள். திரை இருண்டது. "ஆயித்து, முடிஞ்சுது, வாங்க" என்று மாமா எழுந்துபோனார். பாதித் தியேட்டரும் எழுந்தது. நான் அக்காவின் கையை இழுத்து உட்காரவைத்தேன்.

திரை மறுபடி வெளிச்சமானது. காலி வீட்டில் புருஷன் விசிலடித்தபடி, தான் ஒளித்துவைத்ததையெல்லாம் எடுத்து அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தான். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்தாள்.

மாமா ஸ்கூட்டரில் காத்திருந்தார். "நான் சொன்னனா இல்லையா?"

"சீட்டைத் தெறங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"வீடு முச்சூடும் தேடிட்டேன். தேடாத எடம் இது ஒண்ணுதான்."

அவளே வண்டிச் சாவியைப் பிடுங்கித் திறந்தாள். வண்டி துடைக்கும் துணிக்குள் சுருட்டிக் கிடந்தது பீரோ சாவி. "சும்மா வெளையாட்டுக்கு" என்று அவர் இழுத்ததை நாங்கள் நின்று கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறினோம்.

இப்போதும் மாமா கேட்பார், "அந்தப் படத்துல கடைசியில அப்படி என்னதான் காட்டுனாங்க?"

டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அக்கா சொல்வாள்: "உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

நானும் சொல்லப்போவதில்லை. தவிக்கட்டும்.