சத்தமில்லாத பம்ப்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டேன், அதனால் பாதி நாள் பால் அடுப்பில்தான் போகும். ஐந்து நிமிடத்தில் பஸ் வரவில்லை என்றால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி தூரம் போனதும் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். "கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டே பொறந்தவ" என்பாள் அம்மா. இப்படிப்பட்டவளுக்கு எங்கள் வீட்டு ஷவர் பெரிய தண்டனையாக இருந்தது.

கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் அம்மாவும் மாடியில் இருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி எங்கள் கூரைமேலேயே, நாலு செங்கல் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு பக்கத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு வேகம் எங்கிருந்து வரும்? கீழ் வீட்டில் கொட்டும், எங்களுக்குச் சொட்டும். நான் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருஷம் தொடர்ந்து நைட் டியூட்டி. காலை ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தால் வார்டின் வாடை மொத்தமும் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கழுவாமல் படுக்க முடியாது. ஷவரின் கீழே நின்றால் ஒரு பக்கத் தோள் நனைவதற்குள் மறு பக்கத் தோள் காய்ந்துவிடும்.

ஒரு சித்திரை மாத வெயிலில் பொறுமை போய்விட்டது. குருசுக்குப்பத்திலிருந்து பிளம்பரை வரவழைத்தேன். தொட்டியிலிருந்து மாடிக்கு மட்டும் இறங்கும் குழாயில் ஒரு சின்ன பம்ப் வைத்தால் போதும் என்றார். எங்கள் வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் அது தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். பைப்பை அறுப்பதற்கு முன்னால் ஒரு தரம் நிதானித்தார்.

"பம்பு கரெக்டா ஒங்க பெட்ரூமுக்கு மேல வருதேம்மா. அந்தாண்ட கோடில வெக்கட்டுமா? பைப்பு கொஞ்சம் நீட்டணும், நாளைக்குத்தான் முடியும்."

"நாளைக்கா? எங்க இருந்தா இன்னா, இன்னைக்கே தண்ணி வந்தா சரி," என்றேன்.

அன்று சாயங்காலம் ஷவரைத் திறந்தேன். தண்ணீர் முதுகில் அறைந்தது. அரை மணி நேரம் நின்றேன். இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் இருந்த என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, நைட் டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டுப் படுத்தேன். கண் சொக்கிய நேரத்தில் தலைக்கு மேலே ஏதோ உறுமியது. கட்டில் சட்டம் வரைக்கும் அதிர்ந்தது. அம்மா பின்பக்கம் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருந்தாள். எழுந்து போய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நைட்டெல்லாம் நின்னுட்டு வந்தவ தூங்க வேணாமா? அந்த பைப்ப மூடித் தொலையேன்." அம்மா உடனே குழாயை மூடினாள். கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. நான் திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

மறுநாள் பிளம்பர் வந்து பம்புக்கு அடியில் கனமான ரப்பர் ஷீட்டை வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து படுக்கையில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தூங்கும் நேரம் தவிர நான் அந்த அறையில் இருப்பதும் இல்லை. தினமும் பத்து மணிக்குப் படுத்தால் நாலு மணிக்குத்தான் விழிப்பேன். ரப்பரின் மகிமையை வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் பம்ப் வைக்கலாமா என்று யோசித்த இரண்டு பேருக்கு அந்தப் பிளம்பரின் நம்பரையும் கொடுத்தேன். "தலைக்கு மேலயே ஓடுது, ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது," என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

நான் வேலையிலிருந்து வரும்போது பாத்ரூமில் இரண்டு வாளி, அடுப்படியில் ஒரு குடம், பக்கத்தில் சொம்பு என்று எல்லாம் நிரம்பி நிற்கும். எனக்குச் சிரிப்பாக வரும். "பம்பு போட்டும் ஒனக்குக் கொழாயடிப் புத்தி போகல பாரு," என்பேன். "பழக்கம்டி," என்பாள் அம்மா. தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவிக்கொள்ளும் ஒளுவையும் அம்மா நண்பகலில் ஒரே ஒரு தரம்தான் செய்தாள். அதை வைத்தே மாலைத் தொழுகையையும் முடித்துவிடுவாள். இடையில் பாத்ரூம் போனால் ஒளு முறிந்துவிடும், மறுபடி செய்ய வேண்டும். அதனால் போகாமல் காத்து வைத்திருந்தாள். வயதாக ஆக பக்தி கூடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மழைக்காலம் தொடங்குவதற்குள் இரண்டு தடவை காய்ச்சல் வந்து தானாகப் போனது. மூன்றாவது தடவை, நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். இடுப்பைத் தொட்டதற்கே முனகினாள். ஆட்டோ பிடித்து, வந்த வழியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். சிறுநீரில் கிருமி, அது கிட்னி வரைக்கும் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கிட்னியே கெட்டுப்போயிருக்கும் என்றும் சொன்னார். "தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். குடிக்கிறேன் என்று தலையை ஆட்டினாள். நானும் சேர்ந்து ஆட்டினேன்.

மூன்றாம் நாள் பெண்கள் வார்டில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு சார்ட்டைக் காட்டினாள். நோயாளி எவ்வளவு குடித்தார், எவ்வளவு வெளியேறியது என்று மில்லி மில்லியாகக் குறிக்கிற காகிதம் அது. என் வார்டில் ஒவ்வொரு நைட்டும் நான் எழுதுகிற காகிதம்தான். "ஒங்கம்மாவுக்கு சொல்லவே வேணாம்க்கா, அவங்களே கேட்டு கேட்டு குடிக்கறாங்க. பாத்ரூமுக்கும் அவங்களே நடந்து போறாங்க," என்றாள். எனக்கு அது ஒட்டவில்லை. வீட்டில் அம்மா சொம்பைத் தூக்கிக் குடித்து நான் பார்த்து எவ்வளவு நாள் ஆகிறது என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"இங்க மட்டும் எப்டி இவ்ளோ தண்ணி குடிக்கற?"

"இங்க நல்லாருக்குடி. எத்தன தடவ வேணாலும் போயிட்டு வரலாம்."

"வீட்ல போக வேணாம்னு யாரு சொன்னா?"

அம்மா போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். "நீ தூங்கற நேரமாச்சே. தண்ணிய தொறந்தா ஒன் தலைக்கு மேல உறுமுது. கக்கூசுல ஒரு தடவ தண்ணி விட்டா, அந்த டேங்க் ரொம்பற வரைக்கும் நிக்காம ஓடுது."

"அதான் ரப்பர் போட்டாச்சேம்மா. சத்தமே வரலயே எனக்கு."

"எப்டி வரும்? நான் தொறக்கறதே இல்லயே," என்றாள். குறை சொல்கிற தொனி இல்லை. எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சிரிக்கத்தான் செய்தாள்.

விடியற்காலையில் பிடித்து வைக்கிற இரண்டு வாளிதான் நாலு மணி வரைக்கும். அதற்குள் பாத்ரூம், பாத்திரம், ஒளு எல்லாம் அடங்க வேண்டும். பாத்ரூம் போகாமல் இருக்க வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். ஐந்து மாதம் அப்படி இருந்திருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று ஒரு நைட்டில் நாற்பது பேரை விரட்டுகிறவள் நான். என் வீட்டில் ஒருத்தி தொண்டை காய்ந்து உட்கார்ந்திருக்க, பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

அம்மா வீடு திரும்பியதும் பிளம்பருக்குப் போன் போட்டேன். பம்பை மாடியின் மறுகோடிக்கு மாற்றுகிறேன், ஆனால் தவளக்குப்பத்தில் ஒரு வேலை ஓடுகிறது, பத்து நாள் ஆகும் என்றார். அதுவரை அணைத்து வைக்கவும் வழியில்லை. தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்க வேண்டும், அணைத்தால் பழைய சொட்டும் வராது. அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நான் தூங்கறப்பவும் நீ கொழாய தொறக்கணும். நான் அன்னைக்குக் கத்துனது தப்பும்மா."

"நீ எப்ப கத்துன?" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாளா, எனக்காக மறந்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நைட் டியூட்டி முடிந்து வந்து பத்து மணிக்குப் படுத்தேன். தூங்கவில்லை, காது கொடுத்துக் கிடந்தேன். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. அடுப்படியில் டம்ளர் வைக்கிற ஓசை கேட்டது. குடித்தாளா, சும்மா எடுத்து வைத்தாளா தெரியவில்லை. இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கக் கால் தரையைத் தொட்டது. பெற்ற தாய் பாத்ரூம் போக மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு படுத்திருந்த முதல் மகள் நானாகத்தான் இருப்பேன்.

பதினொன்றரைக்குக் குழாய் திறந்தது. மேலே பம்ப் உறுமியது. ரப்பரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஜன்னல் கம்பி வரைக்கும் அதிர்ந்தது. உடனே குழாய் மூடியது. சத்தம் நின்றது. அம்மாவின் காலடி என் அறையை நோக்கி வந்தது.

சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறவர்கள் எப்படி மூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும், ராத்திரியெல்லாம் அதைத்தானே பார்க்கிறேன். வாயை லேசாகத் திறந்து, மூச்சை நீளமாக இழுத்து விட்டேன். மூக்கு அரித்தது. கழுத்தில் வியர்வை இறங்கியது. ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. கதவுத் திரை விலகியது. அம்மா அங்கேயே நின்றாள். நான் தூங்குகிறேன் என்று அவளுக்கு நம்பிக்கை வருவதற்கு வெகுநேரம் பிடித்தது.

பிறகு திரும்பிப் போனாள். பாத்ரூம் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் குழாய் மறுபடியும் திறந்தது, இந்தத் தடவை முழுசாக. என் தலைக்கு மேல் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை.