தையல்நாயகி வாசலை மறித்த நாள்

முடிச்சூரில் தையல்நாயகியின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அவள் ஊற்றும் பாலில் தண்ணீர் என்று யாராவது முணுமுணுத்தால் போதும், மேற்குத் தாம்பரம் வரைக்கும் கேட்கும்படி கிழித்துவிடுவாள். அவளுக்கு நேர் எதிர், புருஷன் ஏகநாதன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினான் என்றால் அது பசுமாடு செவலையிடம்தான். எண்பத்தேழு வாக்கில் சுற்றியிருந்த நிலமெல்லாம் கல் நட்ட மனைகளாகிக்கொண்டிருந்தது. பிள்ளை குட்டி இல்லாத அந்த இரண்டு பேரும் செவலையை வைத்துக் காலத்தை ஓட்டினார்கள்.

மத்தியானம் சாப்பிடும் முன் ஏகநாதன் மாட்டின் காது மடல், தாடை, மடிச்சந்து என்று தடவித் தடவி உண்ணி பொறுக்குவான். பொறுக்கியதை நெருப்பில் போட மாட்டான். கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவான். டப்பென்று சத்தம் வந்தால்தான் அவனுக்குத் திருப்தி.

“அந்தக் கையால சோறு துன்ற, கருமம்!” என்று தையல்நாயகி திட்டுவாள். திட்டினாளே தவிர, அவன் விரலெல்லாம் வெடிப்பாக இருந்ததை அவளும் பெரிதாக நினைக்கவில்லை. மாடு கறப்பவன் விரலில் வெடிப்பு இல்லாமல் இருக்குமா?

அந்த வருஷம் ஆடி பிறந்த வாரத்தில் அவன் காய்ச்சலில் விழுந்தான். தலை தெறிக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தவன் எழுந்திருக்கவில்லை. நாலாம் நாள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பின. மறுநாள் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவிவிட்டது.

ஏகநாதனின் அக்கா அஞ்சம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆத்தா வந்துகீறா தையலு. ஆடி மாசம், வேற இன்னா? மாத்திரை, ஊசின்னு எவனையாவது உள்ள வுட்டேன்னு வையி, உக்கிரமாயிடுவா. வெளியாளுக்கு மூச்சு வுடாத.”

தையல்நாயகி அதில் அணுவளவும் பிசகவில்லை. வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பதை நிறுத்தினாள். இளநீரும் கேழ்வரகுக் கூழும் கொடுத்தாள். அம்மை முத்து என்றால் நீர் கோக்க வேண்டுமே, இது ஏன் தட்டையாகவே கிடக்கிறது என்று அவளுக்கே உறுத்தத்தான் செய்தது. ஆனால் அம்மனைச் சந்தேகப்பட்டால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். ஊரையே வாயால் அடக்கியவள் இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் செவலையும் படுத்துக்கொண்டது. தீனி எடுக்கவில்லை, உடம்பு அனலாய்க் கொதித்தது. மாட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அஞ்சம்மாள் சொல்லவில்லையே. தையல்நாயகி உடனே ஆள் அனுப்பினாள். மாட்டு டாக்டர் வைத்தீஸ்வரன் மொபெட்டில் வந்தார். கண் இமையை விலக்கினார், காதைப் புரட்டிப் பார்த்தார்.

“உண்ணியால வர்ற காய்ச்சல்மா. ஊசி போடறேன், எழுந்துடும். ஏகநாதன் எங்கே? அவர்தானே எப்பவும் கயிறு பிடிப்பார்?”

கேட்டுக்கொண்டே வீட்டுப் பக்கம் ஓர் அடி வைத்தார். தையல்நாயகி விருட்டென்று போய் வாசலை மறித்து நின்றாள். ஆடி மாதத்தில் எந்த வாசலில்தான் வேப்பிலை இல்லை? அவருக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. உள்ளே, பத்தடி தூரத்தில், பாயில் கிடந்து ஏகநாதன் பிதற்றிக்கொண்டிருந்தான். அது அவர் காதில் விழுந்துவிடாதபடி அவள் குரலை உயர்த்தினாள்.

“அவுரு படப்பைல சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போயிகீறாரு சார்! கயித்த நானே புட்ச்சிக்கிறேன், நீங்க போடுங்க.”

அவர் போட்டுவிட்டுப் போனார். மறுநாளும் வந்து போட்டார். அன்றும் ஏகநாதன் எங்கே என்று கேட்டார். அன்றும் அவள் படப்பை என்றாள்.

ஒன்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று அஞ்சம்மாள் சொல்லியிருந்தாள். எட்டாம் நாள் காலை செவலை தள்ளாடி எழுந்து வைக்கோலை இழுத்தது. தையல்நாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இந்தாய்யா, உன் செவலை எழுந்துகினா!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். அவன் கேட்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து வைத்தீஸ்வரன் அந்தப் பக்கம் வந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் மொபெட்டை நிறுத்தி இறங்கினார். காய்ச்சல் எத்தனை நாள், புள்ளி எங்கே முதலில் வந்தது, உண்ணியை நசுக்குவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

“இது அம்மை இல்லம்மா, உண்ணிக் காய்ச்சலாத்தான் இருந்திருக்கும். நசுக்கறப்போ விரல் வெடிப்பு வழியா ஏறிடும்” என்றார். “மாட்டுக்குப் போட்டேனே, அதே வகை மருந்துதான் மனுஷாளுக்கும். பார்த்திருந்தா அன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். ஏம்மா, ஒரு வார்த்தை...”



“நீங்க கேட்டீங்க சார்” என்றாள் தையல்நாயகி. “ரெண்டு நாளும் கேட்டீங்க.”