காக்கை தொடாத இலை

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை உச்சி வெயிலில் பாபநாசத்துப் படித்துறையில் போய் நின்று பார்க்கட்டும். கட்டுக்கதை இல்லை. பேச்சிராஜுக்கு நடந்தது. போன தை அமாவாசை, மதியம் பன்னிரண்டே கால்.

பேச்சிராஜ் அந்தப் படியில்தான் படுத்துக் கிடப்பவன். எச்ஐவி என்று தெரிந்த அன்றைக்கே கூடப்பிறந்த தம்பி அவன் பாயைத் தெருவில் வீசிவிட்டான். மாத்திரையை அரசாங்கம் சும்மா கொடுக்கிறது. சோற்றை எவன் கொடுப்பான்? வெறும் வயிற்றில் போட்டால் தலை சுற்றிக் குடலே வெளியே வந்துவிடும். அன்னதான வரிசையில் ஊர்க்காரன் ஒருத்தன் அவன் நோயைச் சொல்லிக் கத்தியதிலிருந்து அந்தப் பந்தியும் போயிற்று. இரண்டு நாளாகச் சோறும் இல்லை, மாத்திரையும் இல்லை. இப்படியே விட்டால் சாவுதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காரில் வந்த ஒரு குடும்பம், செத்துப்போன அம்மாவுக்கு இலை போட்டது. மாலை போட்ட போட்டோ. இலை நிறையச் சோறு, பருப்பு, வடை. மகன் 'கா கா' என்று கூப்பிட்டான். காக்கைகள் வந்து சுற்றி உட்கார்ந்தன. ஒன்றுகூடத் தொடவில்லை.

"பைய வரும். வாங்க, குளிச்சிட்டு வருவோம்."

எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள்.

காக்கை எடுக்காத சோற்றை மனுசன் தொடக்கூடாது. செத்தவர் பங்கு அது. பாவி வயிற்றுக்கு அதெல்லாம் தெரியுமா? பேச்சிராஜ் கிட்டே போனான்.

காக்கைகள் சத்தத்தை நிறுத்தின... ஆறுகூட அடங்கிவிட்டது.

இலைக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை. எப்போது வந்தாள்? கால் வைக்க முடியாமல் கல் கொதிக்கிறது. அவள் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தின்னுய்யா."

"காக்கா எடுக்கலியே, ஆத்தா..."

"நான்லா சொல்லுதேன். தின்னுட்டு மாத்திரையப் போடு."

மாத்திரையா? அது அவன் இடுப்பு மடிப்புக்குள் இருந்தது. வெளியே தெரியாது.

ஒரு பிடி அள்ளினான். வெயிலில் கிடந்த சோறு... ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது.

அழுதுகொண்டே தின்றான். மாத்திரையை விழுங்கினான்.

நிமிர்ந்தான்.

யாருமில்லை.

காக்கைகள் மொத்தமாக இலையில் விழுந்தன.

குடும்பம் திரும்பி வந்தது. "அம்மா மனசு குளுந்துட்டு!" என்று மகன் கும்பிட்டான். போட்டோவை எடுத்து நெஞ்சோடு அணைத்தான். பேச்சிராஜ் அப்போதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தான்.

அவளேதான்.

கார் போனதும், படியில் பூ விற்கிற தேன்மொழி காறித் துப்பினாள். "குளுந்துட்டாம்லா! ஒமக்குள்ள சீக்குதான் அண்ணாச்சி அவளுக்கும். பெத்த மவனே வீட்டைவிட்டு வெரட்டிட்டான். இந்தப் படியிலதான் கெடந்தா. இந்த மவன் வருசா வருசம் வந்து செத்த அப்பனுக்கு இலை போடுவான். பெத்தவ ரெண்டு படி தள்ளிக் கெடப்பா. ஒரு உருண்டை கொடுத்ததில்ல, வெளங்காதவன்!"

பேச்சிராஜ் இடுப்பு மடிப்பைத் தடவிப் பார்த்தான். "எப்பம் செத்தா?"

"நாலு வருசம் இருக்கும். இதே அமாவாசை. மடியில மாத்திரை டப்பா, தெறக்கவே இல்ல. அப்பனுக்குப் போட்ட இலை எதுத்தாப்புல கெடந்துச்சு. காக்கா எடுத்தபொறவு திங்கலாம்னு பாத்துக்கிட்டே இருந்தா... அது வாய் வைக்கதுக்குள்ள உசிரு போயிட்டு."