உச்சிவேளை விருந்தாளி

சுலோச்சனா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் கடையில் அட்டைப்பெட்டிக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். போனில் பேசியது அவருடைய தம்பி மகன். "அண்ணே, அத்தை போயிட்டாங்க. சுவத்துல சாஞ்சு உக்காந்தபடியே..." என்றார். என் வாயில் முதலில் வந்தது, "சாப்பிட்டாங்களா?" என்ற கேள்விதான். அவர் உள்ளே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "இலையை மடிச்சு வச்சிருக்காங்கண்ணே" என்றார்.

அக்காவோடு பழகிய சுங்குடிச் சேலை வியாபாரிகளுக்கு இந்தக் கேள்வி விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அக்கா விளாங்குடியில் தனியாக இருந்துகொண்டு சுங்குடிச் சேலை வியாபாரம் செய்தார். கணவர் காலமாகிப் பல வருடம், பிள்ளைகள் இல்லை. வெளியூருக்குச் சேலை அனுப்ப என்னிடம்தான் பெட்டி வாங்குவார். "தம்பி, சேலை போய்ச் சேரும்முன்னே உங்க பெட்டி கைலாசம் போயிரும் போலயே" என்று முகத்துக்கு நேரே சொல்வார். நானும் விடமாட்டேன். அப்படித்தான் எங்கள் பழக்கம் வளர்ந்தது.

ஒரு நாள் உச்சிவேளையில் அவர் வீட்டுக்குப் போனேன். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே இரண்டு குரல்கள். அவர்கள் வீட்டில் பேசும் சௌராஷ்டிரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு குரல் உபசரிப்பதும், இன்னொன்று போதும் போதும் என்று மறுப்பதும் எந்த மொழியிலும் தெரியுமே. விருந்தாளி எழுந்திருக்கட்டும் என்று வெளியிலேயே நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், வாசலில் ஒரே ஜோடிச் செருப்பு. எட்டிப் பார்த்தால் ஒரே இலை. சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். இலைக்கு முன்னால் அக்கா மட்டும்.

உள்ளே போனேன். "யாருக்கா வந்திருக்கது?"

"நான்தான் வந்திருக்கேன்" என்றார், சிரிக்காமல்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அவரு போனப்புறம் நின்னுக்கிட்டே சட்டியில வழிச்சுத் தின்னுட்டு ஓடுவேன். கொஞ்ச நாள்ல வீட்டுக்குள்ள யாரோ பசியோட நடமாடுற மாதிரியே இருந்துச்சு. அடுப்படியில நிக்கும், கதவோரம் நிக்கும். அவருதான்னு நெனச்சுப் படையல் போட்டேன். போகல. ஒரு நாளு, வாங்க உக்காருங்கன்னு கூப்பிட்டு, நானே உக்காந்தேன். அடங்கிருச்சு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மனக்கோளாறு என்று நினைத்துக்கொண்டு, பெட்டிக் கணக்கைப் பேசிவிட்டு வந்தேன்.

பிறகு என் மனைவி இறந்தாள். டீயும் பன்னும்தான் என் சாப்பாடு என்றாகியது. ஒரு நாள் கோடவுன் ஏணியிலிருந்து மயங்கி விழுந்தேன். இப்படியே போனால் பிழைக்கமாட்டீர்கள் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஆனால் அமாவாசை தவறாமல், மெஸ்ஸில் வாங்கிப் படைக்க மனசு வராமல், நானே சமைத்து அவள் படத்துக்கு முன் இலை போடுவேன். காக்காய்க்கு வைத்துவிட்டு மிச்சத்தைக் கடைப் பையன்களுக்குக் கட்டிக் கொடுப்பேன். நான் தொடமாட்டேன். என் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு நாள்தான்.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குச் சேலை கொடுக்க வந்த அக்கா, அப்படி ஓர் அமாவாசையில் என் வீட்டுக்குள் நுழைந்தார். படையலைப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க இலை எங்க?"

"எனக்குப் பசியில்லக்கா."

"செத்தவுகளுக்கு அம்புட்டும் சுடச்சுட. இருக்குறவருக்கு டீக்கடை பன்னு. யாரு தம்பி இந்த வீட்டுல பொணம்?"

அவரே இன்னொரு இலையை எடுத்துப் படையலுக்குப் பக்கத்தில் விரித்தார். உட்கார்ந்தேன். இரண்டு இலையிலும் ஆவி பறந்தது. பக்கத்து இலையைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. முதல் கவளம் தொண்டையில் இறங்கியபோது, எனக்குப் பின்னால் இத்தனை நாளும் நின்றிருந்த யாரோ கால் மடக்கி உட்கார்ந்ததுபோல் இருந்தது. திரும்பினேன். அக்கா தூரத்தில், ஜன்னலோரம் நின்றிருந்தார்.

இப்போது அக்காவை எரித்துவிட்டு வந்த அன்று குளித்தேன். டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடித்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டில் ஓசையே இல்லை. ஆனால் கூடத்தில் யாரோ காத்திருப்பது நன்றாகத் தெரிந்தது. பழைய நான் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பேன். ஒரு டம்ளர் அரிசியைக் கழுவி உலையில் போட்டேன். ரசத்துக்கு மிளகைத் தட்டினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: கூடத்தில் காத்திருக்கும் அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியும். இனி அவனைப் பட்டினி போடமாட்டேன்.