ஷோகென் வீட்டு ஜான்செத்

தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைக்குள் யார் நுழைந்தாலும் ஜான்செத் எழுந்து நின்றுவிடுவார். வருவது இருபது வயதுப் பிள்ளையாக இருந்தாலும், தன் வாயில் பாண் துண்டு இருந்தாலும் எழும்பத்தான் செய்வார். "எங்கட ஆக்கள் அப்பிடித்தான். இருந்துகொண்டு வாங்கோ எண்டு சொல்லுறது மரியாதை இல்லை."

மொன்றியலில், சென்ட் லோரன்டில் உள்ள மருந்துத் தொழிற்சாலையில் அவருக்கு மாத்திரைப் பெட்டி அடுக்கும் வேலை. வரிசையில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள். பத்து வருஷம் அவர்களோடு நின்றதில் பிரெஞ்சுக்கு முந்தித் தமிழ் வந்துவிட்டது. அரபிக்காரியா, ரஷ்யாக்காரியா என்று யாராவது கேட்டால் கையுறைக்குள்ளேயே விரலை ஆட்டுவார். "இல்லை. கபார்டியன். கோகசஸ் மலை."

அந்த மலையிலிருந்து அவருடைய முன்னோரை ஜாரின் படை விரட்டி நூற்றறுபது வருஷமாகிறது. கடல் தாண்டிச் சிரியாவின் கோலான் மேட்டில் குடியேறினார்கள். அறுபத்தேழாம் ஆண்டுச் சண்டையில் அங்கிருந்து டமாஸ்கஸுக்கு ஓடினார்கள். அங்கும் குண்டு விழுந்தபோது ஜான்செத் மொன்றியல் வந்தார். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த குணேஸ்வரி பக்கத்தில் நின்றுதான் பெட்டி அடுக்குகிறார். அவருக்கு இதை இரண்டாம் தரம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வழியில் எங்கோ ஒரு எழுத்தர், ஷோகென் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு, பாட்டனின் பெயரான இப்ராஹிமைப் பதிந்துவிட்டார். அதை மாற்ற ஜான்செத் விண்ணப்பித்தார். ஆதாரம் போதாது என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினார்கள்.

"இனி விடுங்கோவன் அக்கா," என்றார் குணேஸ்வரி.

"ஊரை எடுத்தவங்கள். வீட்டை எடுத்தவங்கள். பேரை ஒருத்தரும் எடுக்கேல்லை, தவறிப்போச்சு. தவறினதைத் தேடலாம்."

தேடினார். கோகசஸில், நால்சிக் நகரத்தில் முகம் தெரியாத உறவுக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தார். அந்த மனிதர் ஒரு குளிர்காலம் முழுக்கப் பழைய ஏடுகளைப் புரட்டி, ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் பட்டியலில் ஷோகென் வீட்டைக் கண்டுபிடித்தார். மூன்றாம் விண்ணப்பத்தோடு அந்தப் பக்கத்தின் பிரதி போனது.

பதில் வந்த அன்று கடிதத்தைப் பஸ்ஸில் பிரித்து, ஜான்செத் போட்ட சத்தத்தில் சாரதி பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, மேற்பார்வையாளர் அன்டன் புதிய பட்டியலைப் பார்த்து வரவு கூப்பிட்டார்.

"ஜான்செத் ஷோகென்."

அன்டன் நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசையில் நின்ற ஜான்செத், தலைமூடியை ஒதுக்கி, கையைக் குவித்துக் காதில் வைத்தார்.

"கேக்கேல்லைத் தம்பி. இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."