முழுப் பெயர், பிறந்த திகதி

மருத்துவமனை நடைபாதையில் நான் செய்த முதல் வேலை ஒரு பிழை.

2011 யூன் மாதம். கீமோ (புற்றுநோயை அழிக்க நாளம் வழியாக ஏற்றும் மருந்து) பிரிவின் வாசலில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எதிர்க் கதிரையில் ஒரு வயதான பெண் கால்மேல் கால் போட்டபடி இருந்தார். என்னைவிடக் கறுப்பு. வெள்ளைத் தலைமயிர், கழுத்தில் சிவப்புச் சால்வை. மேற்குச் சிட்னியில் இப்படி ஒரு முகத்தைக் கண்டால் எங்கள் தமிழ் ஆட்களின் வாய் சும்மா இருக்காது.

“அன்ரி ஊரிலை எவடம்?” என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு விளங்கியது ‘அன்ரி’ மட்டும்தான். அவர் இந்த நாட்டின் பூர்வகுடிப் பெண். அவர்களிடமும் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அசடு வழிந்தபடி, ஊரில் எந்த இடம் என்ற மிச்சக் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நான் இவடம்தான். நீங்கள் எல்லாரும்தான் வேறை எவடமோ,” என்றார். அவர் பேசியது ஆங்கிலம். என் மனதில் அது எங்கள் தமிழாகவே பதிந்திருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

இதை வாசிக்கும் நீங்களும் இப்படி ஒரு நடைபாதையில் இருக்கலாம். அதனால் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிக்கும்போது இடது மார்பில் பயறளவு ஒன்று கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. நோகாததால் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். பயாப்சி (கட்டியில் சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய் என்றார் வைத்தியர். சத்திரசிகிச்சை முடிந்து, ஆறு முறை கீமோ என்று முடிவாயிற்று.

என் கணவர் காரில் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “நீர் ஒருத்தருக்கும் சொல்லாதையும், கௌரி. பிள்ளைக்கு நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேணும்.”

எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே இல்லாமல் போனது. ‘அந்த வருத்தம்’ என்றோம். பிறகு வெறும் ‘அது’ என்றோம். தலைமயிர் கொட்டத் தொடங்கியதும் கணவர் எங்கள் வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடைகளில் நான் கனடாவுக்குத் தங்கையிடம் போய்விட்டதாகச் சொல்லி வைத்தார். அதே ஊர் ஸ்டேஷனிலிருந்து நாலு தெரு தள்ளி, யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு நான் கனடாவில் இருந்தேன்.

கீமோ அறையில் ஒரு நடைமுறை உண்டு. ஒவ்வொரு மருந்துப் பையையும் கொழுவுமுன் தாதி கேட்பார்: “முழுப் பெயர், பிறந்த திகதி?” ஆள் மாறி மருந்து ஏறக்கூடாது என்பதற்காக. நான் முதலில் அறையைச் சுற்றிப் பார்ப்பேன். தமிழ் முகம் ஏதும் இல்லையென்று உறுதியானதும், “சிவகௌரி தர்மகுலசிங்கம்” என்று வாய்க்குள் முணுமுணுப்பேன். தாதி குனிந்து மறுபடி கேட்பார்.

பக்கத்துச் சாய்கதிரையில் அன்ரி. அவருக்கு நுரையீரலில். குணமாக்க அல்ல, கொஞ்ச நாளைக் கூட்டத்தான் அவருக்கு மருந்து. ஆனால் பெயர் கேட்டதும் அவர் நிமிர்ந்து இருப்பார், சால்வையைச் சரிசெய்வார், மூச்சை இழுப்பார். பிறகு தன் பெயரைச் சொல்வார். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொல்வார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்.

அவர் நடிகை. இந்த நகரத்து மேடைகளில் வசனம் பேசி நடித்த முதல் கறுப்புப் பெண்களில் ஒருவர். படங்களிலும் நடித்தார். முதல் படத்தில் வேலைக்காரி. தண்ணீர் கொண்டுவந்து வைக்க வேண்டும், எசமானி அறைய வேண்டும், அழக்கூடாது.

“படம் முடிய எல்லாரின்ர பேரும் போட்டவை. குதிரைக்கும் பேர் போட்டவை. என்ர பேர் இல்லை,” என்றார். குதிரையின் பெயரையும் சொன்னார். அவர் அதை மறக்கவில்லை.

அந்தப் படத்தின் பழைய பிரதியைச் சுத்தம் செய்து அந்த டிசம்பரில் திரையிட ஒரு திரைப்படக் காப்பக அலுவலகத்தார் ஏற்பாடு செய்திருந்தார்கள். இம்முறையாவது தன் பெயரைப் போடும்படி அவர் எழுதிக் கேட்டிருந்தார். ஓகஸ்ட்டில் பதில் வந்தது. தன் மகள் கொண்டுவந்த கடிதத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். மிகவும் பணிவான கடிதம். அவருடைய உடல்நிலையை அறிவார்களாம். அதற்குள் அவர் காலமாகிவிட்டால், இறந்தவரின் பெயரைச் சொல்லாத அவருடைய மக்களின் வழக்கத்தை மதித்து, பெயரைத் தவிர்ப்பதே பண்பு என்று கருதுகிறார்களாம்.

அன்ரி சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தாதி ஓடிவந்தார்.

“அப்ப மதிக்காமல் என்ர பேரை விட்டவை. இப்ப மதிச்சு விடப் போயினமாம்!”

எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “வழக்கம் எண்டால் வழக்கம்தானே, அன்ரி,” என்றேன்.

“வழக்கம் எங்கட. ஆருக்கு, எப்ப, எவ்வளவு காலம் எண்டு எங்கட சனம் சொல்லும். கந்தோரிலை இருக்கிறவை சொல்லேலாது.” பிறகு என் தலையில் இருந்த பொய்முடியைப் பார்த்தார். “நீ உன்ர வருத்தத்தின்ர பேரைச் சொல்லுறேல்லை. உன்ர வீட்டிலை ஆர் செத்தது?”

சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்து கணவரோடு சண்டை பிடித்தேன். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் போனபோது அன்ரியின் குரல் கரகரத்திருந்தது. கட்டி குரல்நாணின் (தொண்டையில் ஒலி எழுப்பும் தசை மடிப்பு) நரம்பை அழுத்துகிறது என்றார் வைத்தியர்.

“திரும்பி வருமா?” என்று மகள் கேட்டார்.

“இல்லை,” என்றார் வைத்தியர். சுற்றிவளைக்காத அந்தப் பதிலுக்காக அன்ரி அவருக்குத் தலையை ஆட்டி நன்றி சொன்னார்.

உடனே என் கைத்தொலைபேசியை எடுக்கச் சொன்னார். மகளுடையது பழசு, குரல் தெளிவாகப் பதியாது. கதிரையை யன்னல் பக்கம் திருப்பச் செய்தார். படமே எடுக்கவில்லை, குரல் மட்டும்தான், ஆனாலும் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டார். தன் பெயரைச் சொன்னார். நான் இறந்த பிறகும் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், எழுதுங்கள், இது என் விருப்பம், என் குடும்பத்தின் விருப்பம் என்றார். முடிந்ததும் எனக்குக் கண் கலங்கியது.

“இன்னொருக்கா. நடுவிலை நீ மூக்கை உறிஞ்சிப்போட்டாய்,” என்றார். மூன்றாவது முறைதான் அவருக்குத் திருப்தி.

என் ஆறாவது கீமோவின்போது அவரிடம் குரலே இல்லை. தாதி வந்து வழமைபோலக் கேட்டார்: “முழுப் பெயர், பிறந்த திகதி?” அன்ரி நிமிர்ந்தார், சால்வையைச் சரிசெய்தார், வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. கைப்பட்டியில் (மணிக்கட்டில் கட்டும் அடையாளத் துண்டு) பெயர் இருக்கிறது, பரவாயில்லை என்றார் தாதி. அன்ரி கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து நின்று அவருடைய பெயரைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்து, விரலை மேலே தூக்கிக் காட்டினார். இன்னும் பலமாக. மறுபடி சொன்னேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரி தலையை ஆட்டிவிட்டுக் கையை நீட்டினார். பிறகு தாதி என் பக்கம் வந்தார். சிவகௌரி தர்மகுலசிங்கம் என்று அதே குரலில் சொன்னேன். அன்று அவர் குனிய வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் பொய்முடியைக் கழற்றி வைத்துவிட்டு வென்ட்வேர்த்வில் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் என் மொட்டைத் தலையைப் பார்க்காத மாதிரிப் பார்த்தாள்.

“கௌரி அக்கா, கனடாவாலை எப்ப வந்தனீங்கள்?”

“நான் கனடாவுக்குப் போகேல்லை. எனக்கு மார்பிலை புற்றுநோய். வெட்டி எடுத்தாச்சு. முருங்கைக்காய் பிஞ்சாப் பார்த்து ஒரு கட்டுத் தாரும்.”

அவள் கட்டை எடுத்தாள். எடுத்தவள், பையில் போடாமல், தன் மார்பைத் தொட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, எனக்கும் இதிலை ஒண்டு தட்டுப்படுது. நோகேல்லை.” கியூவில் நின்றவர்கள் நிற்கட்டும் என்று அங்கேயே என் வைத்தியரின் இலக்கத்தை எழுதிக் கொடுத்தேன். கணவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “கடையிலை என்ன சொன்னவை?” என்று மட்டும் கேட்டார்.

அன்ரி நவம்பரில் போனார். அவருடைய சனத்தின் மூத்தவர்கள் கூடிப் பேசினார்கள். அந்த ஒலிப்பதிவைக் கேட்டு, சரி, இவருடைய பெயரைச் சொல்லலாம் என்றார்கள். மகள் அந்தப் பதிவைக் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். டிசம்பர் திரையிடலுக்குக் கணவரும் வந்தார். நான் தலையை மூடாமல் போனேன். வேலைக்காரியாக ஓர் இளம்பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கன்னத்தில் அறை விழுந்தது. அவள் அழவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை. படம் முடிந்ததும் இருட்டுத் திரையில் ஒரே ஒரு பெயர் வந்தது. கூடவே அந்தக் கரகரத்த குரலும் வந்தது. மூக்கு உறிஞ்சும் சத்தம் இல்லாத மூன்றாவது பதிவு.

இப்போது 2013. கீமோவால் என் விரல் நுனிகள் இன்னும் மரத்தே இருக்கின்றன. சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும். இடது பக்கம் தட்டையாக இருக்கிறது, அதற்கு ஏற்றபடி சட்டை தைக்கிறேன். வருசத்தை நான் சித்திரையில் தொடங்குவதில்லை. ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனை வரை ஆறு மாதம், அவ்வளவுதான் என் காலம். கணவர் இப்போது தொலைபேசியில் “மனிசிக்குப் புற்றுநோய் வந்து சுகம்” என்று சுற்றுமுற்றும் பாராமல் சொல்கிறார்.

நடைபாதையில் இருந்து இதை வாசிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களை உள்ளே கூப்பிட்டு, முழுப் பெயர் என்ன என்று கேட்பார்கள். முணுமுணுக்க வேண்டாம். அதற்கு முன்பு ஒரு தடவை பழகிப் பாருங்கள். இதோ இந்தப் பெயரை, பக்கத்துக் கதிரைக்குக் கேட்கும்படி, வாய்விட்டு வாசியுங்கள்:

ஐவி மெரடித்.

இன்னும் பலமாக.